லிஃப்ட் செய்த ரேங்லருக்கு எந்தக் கண்ட்ரோல் ஆர்ம்? பிராக்கெட்டா, அட்ஜஸ்டபிளா, லாங் ஆர்மா?

வண்டியை உயர்த்தும் மூன்றரை அங்குல லிஃப்ட் கிட் போட்டு, 35 அங்குல டயரும் மாட்டிய ஜீப் ரேங்லர் பார்க்க அம்சமாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஏற்றினால்தான் கதை தெரியும். ஸ்டீயரிங் நேரே நிற்காமல் இங்கும் அங்கும் அலையும். வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பி வராது. பாலத்தின் இணைப்பில் ஏறினால் 'டக்' என்று ஒரு அடி நேராகக் கைக்கு வரும். இந்தக் கட்டத்தில்தான் கண்ட்ரோல் ஆர்ம், அதாவது ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்கும் தண்டு, பற்றிய விளம்பரங்கள் கண்ணில் படும்: தடித்த குழாய், பவுடர் கோட்டிங், வளைக்கவே முடியாது என்ற வாக்குறுதி.

வளையாத இரும்பு நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி. கம்பெனி ஆர்ம் வளைந்துபோகும் அளவுக்குப் பாறையில் மோதுகிறவர்கள் சிலர்தான். லிஃப்ட் செய்ததால் தொலைந்தது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் திருப்பி வாங்கினால் போதும். தொலைவது இரண்டு விஷயம். அந்த இரண்டையும் ஒரே சாமான் சரிசெய்யும் என்று நினைப்பதில்தான் பணம் போகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது ஜீப் ரேங்லர் ஜேகே, அதாவது 2007 முதல் 2018 வரையிலான மாடல்கள். அடுத்து வந்த ஜேஎல்லுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், அதாவது இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே விறைத்த ஆக்சிலில். ஒவ்வொரு ஆக்சிலையும் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு ஆர்ம் பிடித்திருக்கும். பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்வது டிராக் பார். 1997இல் டிஜே மாடலில் லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்ததிலிருந்து இதுதான் அமைப்பு. தார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் வண்டியின் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அங்கே கணக்கே வேறு. ஜிம்னி ரிஜிட் ஆக்சில்தான், ஆனால் அதில் ரேடியஸ் ஆர்ம். காஸ்டர் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும், சாமான்கள் பொருந்தாது.

தொலைவது என்ன?

ஆர்மின் ஒரு நுனி சேஸிஸில், மறு நுனி ஆக்சிலில். லிஃப்ட் செய்யும்போது சேஸிஸ் மேலே போகிறது, ஆக்சில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. படுத்த நிலையில் இருந்த ஆர்ம் சரிந்துவிடும். கணக்குக்கு 55 செ.மீ. நீள ஆர்ம், ஆரம்பத்தில் 5 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 9 செ.மீ. கூடினால் சரிவு பதினான்கு டிகிரியைத் தாண்டும், முன் ஆக்சில் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. பின்னால் இழுபடும். லிஃப்ட் செய்த வண்டியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் முன் சக்கரம் ஃபெண்டரின் நடுவில் இல்லாமல் கதவுப் பக்கம் ஒதுங்கி நிற்பது இதனால்தான்.

மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஒரே அளவு இழுப்பதில்லை. அதனால் ஆக்சில் கொஞ்சம் உருளுகிறது, அதோடு காஸ்டர் குறைகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் சைக்கிள் நேரே போக உதவுகிறது; காஸ்டர் என்பது அந்தச் சாய்வுதான். ஜேகேவுக்குக் கம்பெனி வைத்திருப்பது நான்கு டிகிரிக்குச் சற்று மேல். மூன்றரை அங்குல லிஃப்டுக்குப் பிறகு அது இரண்டு டிகிரி பக்கம் வந்துவிடுவது சகஜம். ஸ்டீயரிங் அலைவது இங்கிருந்து வருகிறது.

இது முதல் இழப்பு. அலைன்மென்ட் கடையில் காகிதத்தில் அச்சாகி வரும், அதனால் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது காகிதத்தில் வராது. ஆர்ம் அதிகமாகச் சரிந்து நிற்கும்போது, சக்கரம் மேட்டில் மோதினால் ஆக்சில் மேலே ஏறுவதற்கு முன்னோக்கியும் நகர வேண்டியிருக்கிறது. மேட்டை விட்டு விலக வேண்டிய சக்கரம், மேட்டுக்குள்ளேயே பாய்கிறது. அந்த உதையை ஸ்பிரிங் வாங்குவதில்லை, ஆர்ம் வழியாக நேரே சேஸிஸுக்குப் போகிறது. பாலத்தின் இணைப்பில் கேட்ட 'டக்' அதுதான். பிரேக் பிடிக்கும்போதும் இதே சரிவு சேஸிஸை மேலே தள்ளப் பார்க்கும், முன்பக்கம் கட்டையாக விறைத்துக்கொள்ளும். பலர் இதை ஷாக் அப்சார்பரின் குற்றம் என்று நினைத்து, நல்ல ஷாக்கைக் கழற்றிவிட்டு அதைவிட விலை கூடிய ஷாக் வாங்குகிறார்கள். ஆர்மின் சரிவு அப்படியேதான் இருக்கும்.

கேம் போல்ட்

மிகச் சிக்கனமான வழி. ஜேகேவின் முன் கீழ் ஆர்ம் ஆக்சிலில் சேரும் பிராக்கெட்டில், தட்டி எடுத்தால் துளை நீளமாகும்படி கம்பெனியே வசதி வைத்திருக்கிறது. அதில் கேம் போல்ட்டை (மையம் விலகிய வட்டத் தட்டுள்ள போல்ட்) போட்டுத் திருப்பினால் ஒன்று ஒன்றரை டிகிரி காஸ்டர் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் ஒரு செட் சில பத்து டாலர்தான். இரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட லிஃப்டுக்கு, சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு, இது போதும். கரடுமுரடில் அடி வாங்கும் வண்டியில் கேம் நழுவும், நீளமாக்கிய துளை மேலும் தேயும். பின்னால் நல்ல ஆர்ம் வாங்கும்போது அந்தத் துளைக்கு வாஷர் வெல்டிங் செய்ய வேண்டிவரும். எனக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை.

பிராக்கெட்டும் அட்ஜஸ்டபிள் ஆர்மும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

டிராப் பிராக்கெட், அல்லது ஜியோமெட்ரி பிராக்கெட், ஆர்மைத் தொடுவதில்லை. சேஸிஸில் ஆர்ம் பிடித்திருக்கும் இடத்தையே கீழே இறக்குகிறது. சேஸிஸ் எவ்வளவு ஏறியதோ ஏறக்குறைய அவ்வளவு அந்த நுனி இறங்குவதால் ஆர்ம் மறுபடி படுத்துக்கொள்கிறது. காஸ்டரும் திரும்புகிறது, சரிவும் போகிறது. இரண்டு இழப்புக்கும் ஒரே மருந்து, கம்பெனி ஆர்மும் அதன் நுனியில் அதிர்வை வாங்கும் ரப்பர் புஷ்ஷும் அப்படியே இருக்கும். ஏஇவி என்ற அமெரிக்கக் கம்பெனி ஜேகேவுக்குக் கொண்டுவந்த பிராக்கெட் இந்த வகையில் பெயர் வாங்கியது. விலை இருநூறு டாலர் சுற்றுவட்டாரம். சாலையில் ஓட்டிப் பார்த்தால், ஆயிரம் டாலர் ஆர்ம் செட் போட்ட வண்டியைவிடப் பிராக்கெட் போட்ட வண்டி மெத்தென்று போகும். இதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் உண்டு, குறிப்பாக அந்த ஆயிரம் டாலரைச் செலவு செய்தவர்கள்.

அப்புறம் ஏன் எல்லோரும் பிராக்கெட் போடுவதில்லை? தொங்கும் இடம் அப்படி. முன் டயருக்குச் சற்றுப் பின்னால், சேஸிஸுக்குக் கீழே, இரண்டு பக்கமும் இரும்புப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கலிஃபோர்னியாவின் ரூபிகான் டிரெயில் போலப் பாறை அடுக்கான பாதையிலோ, யூட்டாவின் மோவாபில் இருக்கும் படிக்கட்டு மாதிரியான மணற்பாறையிலோ, டயர் ஏறி இறங்கிய உடனே அடுத்துப் பாறையில் உட்காருவது அந்த பிராக்கெட்தான். லிஃப்ட் செய்து சம்பாதித்த கிரவுண்ட் கிளியரன்ஸில் ஒரு பங்கை அந்த இடத்தில் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிறது. இன்னொன்று, நீளம் கூடக் கூட நெம்புவிசை கூடும். சேஸிஸிலுள்ள பழைய துளையில் வரும் போல்ட் இளகினால் அந்தத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும். போட்ட பிறகு முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே ஒருமுறை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சைப் போட்டுப் பார்ப்பது கட்டாயம். அத்தோடு, ஒரு பிராக்கெட் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத்தான் செய்யப்பட்டது. பிற்பாடு வின்ச், இரும்பு பம்பர் என்று எடை ஏற்றி முன்பக்கம் அமுங்கினால் காஸ்டர் தானாக மாறும், திருத்த வழி கிடையாது.

அட்ஜஸ்டபிள் ஆர்ம் இதற்கு நேர் எதிர். சேஸிஸ் பக்கத்தை விட்டுவிட்டு, ஆர்மின் நீளத்தை மாற்றுகிறது. கீழ் ஆர்மை நீட்டினால் ஆக்சிலின் கீழ்ப்பகுதி முன்னே தள்ளப்படும், காஸ்டர் ஏறும், சக்கரம் ஃபெண்டரின் நடுவுக்கு வரும். கீழே எதுவும் தொங்காது. எடை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி திருகிச் சரிசெய்யலாம். எவ்வளவு நுணுக்கமாக என்று கேட்டால்: ஆக்சிலில் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு நடுவே செங்குத்தாக 20 செ.மீ. இருந்தால், கீழ் ஆர்ம் மூன்றரை மி.மீ. நீண்டாலே காஸ்டர் ஒரு டிகிரி மாறும். அங்குலத்துக்கு 12 மரை வெட்டிய ஆர்மில் ஒரு முழுச் சுற்று என்பது இரண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஒன்றரைச் சுற்றில் ஏறக்குறைய ஒரு டிகிரி வந்துவிடும். வலது ஆர்ம் ஒரு சுற்று கூட இருந்தால் ஆக்சில் கோணலாக நிற்கும். அதனால் இரண்டு ஆர்மையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு துளையிலும் ஒரே கம்பியைச் செருகிப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். டேப்பை நம்பி மாட்டியதை அலைன்மென்ட் கடைக்காரர் கழற்றச் சொல்வார்.

ஆனால் இங்கேதான் விளம்பரம் பேசாத இடம் வருகிறது. நீளத்தை மாற்றினாலும் சரிவு மாறுவதில்லை. இரண்டாவது இழப்பு இழப்பாகவே இருக்கும். ஸ்டீயரிங் நேராகும், கை லேசாகும், 'டக்' மட்டும் போகாது. மூன்று அங்குலத்துக்குக் கீழே அது பெரிய தொந்தரவில்லை. நான்கைத் தாண்டினால் தினமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

காஸ்டரை ஏற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. காஸ்டர் ஏற ஏற முன் டிஃபரன்ஷியலின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் பல்லிணைத் தண்டு) கீழ்நோக்கிக் கவிழும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் வளைவு கூடும். ஜேகேவின் முன் ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவிசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பக்கம் ரப்பர் பூட் போட்ட சிவி ஜாயிண்ட் என்ற மூட்டு இருக்கிறது. உயரமான லிஃப்டில் அந்தப் பூட் கிழிந்து கிரீஸ் தெறிப்பது பிரபலமான வியாதி. ஆறு டிகிரி, ஏழு டிகிரி என்று ஆசைப்படாமல் ஐந்தை ஒட்டி நிறுத்துவது நல்லது. கம்பெனி அளவான நான்கு நல்லபடி ஓடுகிறது என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

சரி, எட்டு ஆர்மையும் மாற்ற வேண்டுமா? ஜேஎல்லுக்கு ஜீப் கம்பெனியே தன் உதிரிபாகப் பிராண்டான மோபார் மூலம் விற்கும் இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டைப் பாருங்கள். ஸ்பிரிங், ஃபாக்ஸ் ஷாக் இவற்றோடு அதில் வருவது முன் கீழ் ஆர்ம் ஒரு ஜோடி மட்டும், அதுவும் அட்ஜஸ்ட் செய்ய முடியாத நிலையான நீளம். வண்டியை வடிவமைத்தவர்களே இரண்டு ஆர்ம் போதும் என்கிறார்கள். ஒரு ஜோடி நல்ல அட்ஜஸ்டபிள் கீழ் ஆர்ம் முந்நூறிலிருந்து ஐந்நூறு டாலர். எட்டும் சேர்ந்த செட் ஆயிரத்தைத் தாண்டி இரண்டாயிரத்தை எட்டிப் பார்க்கும். லிஃப்டின் உயரத்தை இனி மாற்றப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவர்களுக்கு நிலையான நீள ஆர்ம் இன்னும் நல்லது: மரை இல்லை, அதைப் பூட்டிப் பிடிக்கும் ஜாம் நட் இல்லை, இளகுவதற்கு எதுவும் இல்லை.

மேல் ஆர்ம் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். ஜேகேவின் முன் மேல் ஆர்மில், ஆக்சில் பக்கத்துப் புஷ் ஆர்மில் கிடையாது, ஆக்சில் கூட்டிலேயே அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது. புது மேல் ஆர்ம் போட்டாலும் பழைய புஷ் அங்கேயே இருக்கும். அதைத் தனியாக, ஆக்சிலோடு மல்லுக்கட்டித்தான் எடுக்க வேண்டும்.

நுனியில் இருக்கும் மூட்டு

ஒரு பக்க டயர் பாறை மேலும் மறு பக்க டயர் பள்ளத்திலும் நிற்கும்போது, ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதோடு தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். அந்த முறுக்கை வாங்குவது நுனியிலுள்ள மூட்டுதான். இரண்டு ஆர்ம்களுக்கு நடுவே விலை வித்தியாசம் ஏன் என்று பார்த்தால், குழாயில் அவ்வளவாக இருக்காது, மூட்டில் இருக்கும்.

கம்பெனி ரப்பர் புஷ் சத்தமே போடாது, கிரீஸ் கேட்காது, சாலை அதிர்வை விழுங்கிக்கொள்ளும். ரப்பர் உள் ஸ்லீவோடு (உள்ளிருக்கும் இரும்புக் குழல்) ஒட்டியே வருவதால் ஓரளவுக்கு மேல் முறுக்கினால் கிழியும். பழைய வண்டியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்லீவைச் சுற்றிப் பிறை வடிவில் ஒரு விரிசல் தெரியும். கடப்பாரையால் ஆர்மை நெம்பினால் அந்த விரிசல் வாய் திறந்து மூடும். அப்படித் திறந்தால் புஷ்ஷின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஆர்ம் மாற்றியதும் வண்டி புதிதாக மாறிய மாதிரி தோன்றும். பாதிப் பெருமை புது ரப்பருக்குப் போக வேண்டியது.

பாலியூரித்தேன் புஷ்ஷை நான் யாருக்கும் சொல்வதில்லை. ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெய்க்கும் அசையாது, உண்மைதான். ஆனால் அது ஒரு திசையில் சுற்றும், பக்கவாட்டில் முறுக்க விடாது. ரிஜிட் ஆக்சிலுக்குத் தேவையே அந்த முறுக்குதான். கிரீஸ் காய்ந்தால் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடும்.

ஹைம் ஜாயிண்ட் என்கிற இரும்பு உருண்டை மூட்டு எவ்வளவு வேண்டுமானாலும் வளையும், பந்தய வண்டிக்கு அருமை. மழை, மண், உப்பு மூன்றும் பட்ட தினசரி வண்டியில் சீக்கிரம் லொடலொடக்கும். அதிர்வு முழுவதும் இருக்கைக்கு வரும்.

நடுவில் இருப்பவைதான் பார்க்க வேண்டியவை. அமெரிக்காவின் கரி (Currie) குடும்பத்தின் ஜானி ஜாயிண்ட், இப்போது ராக்ஜாக் என்ற பெயரில் வருகிறது: இரும்பு உருண்டை, அதைச் சுற்றி யூரித்தேன் கிண்ணம், வெளியே ஸ்னாப் ரிங். நன்றாக வளையும், கிரீஸ் நிப்பிள் உண்டு, தேய்ந்தால் பிரித்துப் புதுக் கிண்ணம் போடலாம். பிரிப்பதற்குத் தனி அழுத்துக் கருவி வேண்டும், கிரீஸை மறந்தால் முனகும். மெட்டல்க்ளோக் என்ற கம்பெனியின் டூரோஃப்ளெக்ஸ் வேறு வழி: அதிகம் வளையக்கூடியபடி செய்த ரப்பர் மூட்டு, கிரீஸே வேண்டாம். தினமும் வேலைக்கு ஓட்டி, மாதத்தில் ஏதோ ஒரு வாரக் கடைசியில் மலைப்பாதைக்குப் போகிறவர்களுக்கு இந்த ரப்பர் வகையையே சொல்வேன். அல்லது சேஸிஸ் பக்கம் சாதாரண ரப்பர் புஷ், ஆக்சில் பக்கம் ஜானி ஜாயிண்ட் மாதிரி ஒன்று என்று கலந்து வரும் ஆர்ம். அதிர்வைச் சேஸிஸ் பக்க ரப்பர் வாங்கிக்கொள்ளும், முறுக்கை மறு நுனி பார்த்துக்கொள்ளும்.

லாங் ஆர்ம்

சேஸிஸின் பழைய பிராக்கெட்டை வெட்டி எறிந்து, வண்டியின் நடுப்பகுதிக்கு அருகே புதிதாகப் பிடிமானம் வெல்டிங் செய்து, நீளமான ஆர்ம் போடுவது. நீளம் கூடினால் அதே உயரத்துக்குச் சரிவு குறையும். கிரவுண்ட் கிளியரன்ஸைப் பிராக்கெட் மாதிரி தின்னாமல், பிராக்கெட் தருகிற மெத்தென்ற ஓட்டத்தைத் தருகிறது. நாலரை, ஐந்து அங்குலத்துக்கு மேல் போகிறவர்களுக்கு ஒழுங்கான வழி இது ஒன்றுதான்.

விலை கிட்டுக்கு மட்டும் இரண்டாயிரம் டாலருக்கு மேல், கூலி தனி. வெட்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது, விற்கும்போது வாங்குபவர் குனிந்து பார்ப்பார். நீண்ட கீழ் ஆர்ம் வயிற்றுப்பகுதி வரை நீள்வதால் கூரான மேட்டைத் தாண்டும்போது அதுவே உரசவும் செய்யும். மூன்றரை அங்குலத்துக்கு இதைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவரவர் காசு.

பின்பக்கம்

இங்கே அவசரமில்லை. பின் ஆக்சிலுக்குக் காஸ்டர் கிடையாது, பார்க்க வேண்டியது பினியன் கோணம் மட்டும். பின் ஷாஃப்டை டபுள் கார்டன் ஜாயிண்ட் (இரட்டை மூட்டு) உள்ளதாக மாற்றினால் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி நிமிர வேண்டும். அப்போது அட்ஜஸ்டபிள் மேல் ஆர்ம் ஒரு ஜோடி வாங்கலாம். அதுவரை பின்பக்கத்துக்குச் செலவு செய்ய வேண்டாம்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் வெறிபிடித்த மாதிரி உதறுகிற டெத் வாபிள் ஆர்ம் மாற்றினால் நிற்கும் என்று விற்பவர் சொன்னால், முதலில் டிராக் பார் போல்ட், அதன் புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு முனைகள், டயர் பேலன்ஸ் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். டிராக் பார் துளை தேய்ந்த வண்டிக்கு எட்டு ஆர்ம் போட்டாலும் உதறல் நிற்காது.

இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு: ரேங்லர் 2021 முதல் புனேக்கு அருகே ரஞ்சன்காவில் அசெம்பிள் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகிறது, ஆனால் இந்தச் சாமான்கள் எல்லாம் இறக்குமதி, சுங்க வரி சேர்ந்தால் மேலே சொன்ன விலை எதுவும் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அதையொட்டி 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. பிராக்கெட்டா ஆர்மா என்பதற்கு முன்பே, லிஃப்ட் வேண்டுமா என்பதை ஆர்டிஓவையும் இன்ஷூரன்ஸையும் மனதில் வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாட்டும்போது

எந்த ஆர்ம் வாங்கினாலும், ரப்பர் புஷ் உள்ள நுனிகளின் போல்ட்டை வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது இறுக்கவே கூடாது. ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையைத்தான் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். தரையில் இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். கையால் திருகி விட்டு, வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, பம்பரில் ஏறி நாலு குலுக்கு குலுக்கி, அதன் பிறகு சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்க வேண்டும். ஸ்பிரிங் மட்டும் மாற்றி ஆர்மைத் தொடாதவர்களும் பதினாறு போல்ட்டையும் இளக்கி இப்படியே மறுபடி இறுக்க வேண்டும். லிஃப்ட் போட்டுத் தரும் கடைகளில் பாதி இதைச் செய்வதில்லை என்பது என் சந்தேகம், ஏனென்றால் குனிந்து படுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

அட்ஜஸ்டபிள் ஆர்ம் என்றால் ஜாம் நட்டுக்குக் குறுக்கே, நட்டிலிருந்து குழாய் வரை, பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை எண்ணெய் மாற்றக் கீழே போகும்போது கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. ரெஞ்சை எடுத்து இறுக்கிவிட்டு, காஸ்டரை மறுபடி அளக்க அலைன்மென்டுக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.